கழுதைக் கரை

வெள்ளரிப்பிஞ்சை ஒரு கடி கடித்துவிட்டு, "உப்பு எங்க?" என்று கேட்டாள் சுர்சதி.

ஜோக்கன் சட்டைப் பையில் கைவிட்டுத் துழாவினான். கொட்டைப்பாக்கு ஒன்றும், சைக்கிளுக்குப் போடும் வால்வு டியூப் துண்டு ஒன்றும் அகப்பட்டன. படகு ஆற்றின் நடுவில் வந்துகொண்டிருந்தது. எதிர்க்கரை மணலில் வெள்ளரி போடும் சமேலியிடம் ஒவ்வொரு வைகாசியிலும் மடி நிறைய வாங்கிக்கொண்டு, வீடு போய்ச் சேரும்வரை பொறுக்காமல் படகிலேயே தின்பது சுர்சதியின் வழக்கம். சமேலி வெள்ளரிதான் விற்பாள், உப்பு வைத்துக்கொள்ள மாட்டாள். வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துவர உங்களுக்கென்ன நோவு என்று கேட்பாள். அந்த வேலை ஜோக்கனுடையது.

"மறந்துட்டேன்."

சுர்சதி படகோட்டி பச்சுவின் பக்கம் திரும்பினாள். "கேட்டியா பச்சு. தீஜ் நோன்புக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம நாக்கு வறண்டு கெடந்து, அடுத்த ஜன்மத்துலயும் இவரே புருஷனா வேணும்னு கேக்கறேன். எனக்கு மூளை இருக்குங்கறியா?"

"அண்ணி, கேக்கறப்ப உப்போட சேத்துக் கேளுங்க" என்றான் பச்சு.

அவள் சிரித்தாள். சிரித்தபடியே படகின் விளிம்பில் சாய்ந்துகொண்டாள். கையிலிருந்த வெள்ளரியை இரண்டாம் முறை கடிக்கவில்லை.

காசியின் கணக்கு எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மேற்குக் கரையில் உயிர் போனால் மோட்சம். அதற்குப் பிறகு பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. கொலைகாரன் ஆனாலும் சரி, கொசு ஆனாலும் சரி, சிவபெருமானே வந்து காதில் ஓதி அனுப்பிவைப்பார். எதிரே கிழக்குக் கரையில் உயிர் போனால் அடுத்த பிறவி கழுதை. ஆகவே வயதானவர்கள் அக்கரைக்குப் போனால் சீக்கிரம் திரும்பிவிடுவார்கள். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு இக்கரைக்கு வந்துதான் தும்முவார்கள். நடு ஆற்றில் செத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை. சுர்சதிக்கு எதையும் முதல் ஆளாகச் செய்து பார்க்கும் குணம் உண்டு.

ஜோக்கன் அரிச்சந்திர கட்டத்தில் அவளுக்குக் கொள்ளி வைத்தான். வாடகை சைக்கிள் கடையைச் சாத்திவிட்டு, தலையை மழித்துக்கொண்டு, வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் இருந்தவரை அது சத்தமாகத்தான் இருந்தது.

காரியங்கள் முடிவதற்குள் சுர்சதியின் அண்ணன் பைஜ்நாத் வந்து சேர்ந்தான். கல்யாண வயதில் மகள் இருப்பவன். துக்கம் விசாரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"மாப்ளே, நாளைக்கு எவனும் 'இவ அத்தை கழுதையாப் பொறந்திருக்கா'ன்னு சொல்லி என் பொண்ணுக்கு வர்ற வரனைக் கலைச்சிடக் கூடாது பாருங்க. சபைல ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

ஜோக்கனுக்கும் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பைஜ்நாத் கேட்க நினைத்தது அதுவல்ல. இருந்தாலும் சரியென்று கிளம்பினான்.

காசி முக்தி எல்லை நிர்ணய சபை ஒரு குறுகலான சந்தில், பழைய மாளிகையின் மாடியில் இருந்தது. யார் எங்கே செத்தார், அது காசியின் எல்லைக்குள் வருமா வராதா என்று சந்தேகம் எழுந்தால் தீர்த்துவைப்பது அதன் தொழில். மோட்சம் என்று முடிவானால் மூன்று முறை சங்கு ஊதுவார்கள். இல்லை என்றால் சங்கை ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு, வந்தவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் சந்தில் மோர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி வருகிறவரைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

கூடத்தில் பண்டிதர்கள் மெத்தைகளில் அமர்ந்திருந்தார்கள். எல்லா மெத்தையும் ஒரே உயரம் இல்லை. ஒருவர் எவ்வளவு துறந்திருக்கிறாரோ அதற்கேற்ப மெத்தையின் உயரம் கூடும். எல்லாவற்றையும் துறந்துவிட்ட தலைவர் வாசஸ்பதி துபேயால் ஒரு சிறு முக்காலியின் உதவியோடுதான் தன் மெத்தை மேல் ஏற முடிந்தது. அவருக்கு அடுத்த உயரத்தில் இருந்தவர் மிதிலையிலிருந்து வந்த தர்க்க பண்டிதர் கௌரிகாந்த் ஜா. ஜோக்கன் உள்ளே நுழைந்தபோது, உலகம் வெறும் தோற்றம், நான் என்பதும் எனது என்பதும் கனவு என்று துபே விளக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க இறங்கிய அந்தச் சிறு இடைவேளையில் வேறொரு பண்டிதர் அசதியில் தலைவரின் மெத்தை மேல் கையை ஊன்றிவிட்டார். அது யாருடைய மெத்தை என்ற விஷயம் தீர்ந்து விசாரணை ஆரம்பிக்க வெயில் ஏறிவிட்டது.

முதலில் துபே பொதுவாகச் சில சொன்னார். ஆத்மாவுக்குப் பிறப்பு இல்லை, உருவம் இல்லை, அது ஓர் இடத்தில் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, கிழக்கு மேற்கு என்பதெல்லாம் உடம்புக்குத்தான்.

ஜோக்கன் கைகூப்பினான். "மகராஜ், அதுக்கு எடமே இல்லன்னா, எந்தக் கரைல போனா என்ன?"

துபே அவனைக் கருணையோடு பார்த்தார்.

"ஆத்மாவுக்கு எடம் கெடையாதுப்பா. ஆனா மோட்சத்துக்கு எல்லை உண்டு. எல்லையும் இல்லன்னு வச்சுக்கோ, அப்பறம் சபை எதுக்கு? நாங்கள்ளாம் எதுக்கு?"

பதில் திருப்தியாக இருந்ததாகப் பண்டிதர்கள் தலையசைத்தார்கள்.

பிறகு பச்சுவைக் கூப்பிட்டார்கள். அம்மாள் உயிர் போன நொடியில் படகு ஆற்றில் சரியாக எங்கே இருந்தது என்று ஜா கேட்டார். பச்சு தலையைச் சொறிந்தான். "ஆத்த நான் பாக்கல சாமி. அண்ணி சிரிச்சிட்டிருந்தாங்க, அதப் பாத்துட்டிருந்தேன்."

இது சாட்சியம் ஆகாது என்று ஜா ஒதுக்கித் தள்ளினார். அம்மாளின் தலை எந்தப் பக்கம் இருந்தது என்று ஜோக்கனிடம் கேட்டார். சுர்சதி எப்போதும் காசிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவாள். அந்தக் கரையில்தான் தினமும் கிடக்கிறேன், கொஞ்ச நேரம் இதைப் பார்க்கிறேன் என்பாள். ஆகவே சாய்ந்தபோது தலை காசியின் பக்கம், கால் கழுதைக் கரையின் பக்கம்.

ஜாவின் முகம் மலர்ந்தது. உச்சந்தலை வழியாக உயிர் போயிருந்தால் மோட்சம், பாதத்தின் வழியாகப் போயிருந்தால் கழுதை என்று ஆரம்பித்தார். வாயால் போனால் என்ன, தொப்புளால் போனால் என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்து வாதித்தார், தானே மறுத்தார், மறுத்ததையும் மறுத்தார். கடைசியில், இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறபடியால் அம்மாள் கோவேறு கழுதையாகப் பிறந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பைஜ்நாத் தலையில் கைவைத்துக்கொண்டான். கோவேறு கழுதைக்கு வரன் விஷயத்தில் எவ்வளவு பாதகம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

சபை ஜிலேபி சாப்பிடக் கலைந்து மீண்டும் கூடியது. துபே ஜோக்கனைப் பக்கத்தில் அழைத்தார். மெத்தையின் உயரத்தால் பக்கத்தில் வந்தவனின் மொட்டைத் தலைதான் அவருக்குத் தெரிந்தது. "சரி, உன் மனசுல என்ன இருக்கு? சொல்லு. மோட்சம்தானே வேணும்?"

ஜோக்கன் கொஞ்சம் தயங்கினான். "கழுதைன்னே சொல்லிடுங்க மகராஜ்."

பைஜ்நாத் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஜோக்கன் மேலும் சொன்னான்.

"மோட்சம்னா அவ இனி பொறக்கவே மாட்டா இல்ல? அப்ப நான் எங்க போய்ப் பாப்பேன்? கழுதையாப் பொறந்தாள்னா பாக்கலாம். எனக்கும் வயசாச்சு. நேரம் வர்றப்ப பச்சு என்னை அக்கரைல கொண்டுபோய் எறக்கி விட்டுடுவான். நானும் கழுதையாயிடுவேன். ரெண்டு பேரும் வண்ணாத்துறைல மூட்டை சுமந்துட்டுப் போவோம். அவ முன்னாடி போவா, நான் பின்னாடி போவேன். இந்தப் பொறப்புலயும் அப்படித்தான் போயிட்டிருந்தோம்."

மோட்சம் வேண்டாம் என்று யாரும் அந்தச் சபைக்கு வந்ததில்லை. இலவசமாகக் கொடுத்த சாதத்தைத் திருப்பித் தந்தவனைப் பார்ப்பதுபோல் பண்டிதர்கள் அவனைப் பார்த்தார்கள்.

"மடையா" என்றார் துபே அன்பாக. "முக்தின்னா என்னன்னு நெனச்சே? அங்க புருஷனும் இல்ல, பொஞ்சாதியும் இல்ல. உப்பு தண்ணில கரையற மாதிரி அவ கரைஞ்சு போயிடுவா. அப்பறம் அவ இல்லாத எடமே கெடையாது. உனக்குள்ள இருப்பா, எனக்குள்ள இருப்பா, இந்தத் தூணுக்குள்ள இருப்பா."

"உங்களுக்குள்ளயுமா மகராஜ்?"

"ஆமா. எனக்குள்ளயும்தான்."

ஜோக்கன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "அவளுக்கு உங்களப் பிடிக்காதே."

துபே கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்தார். கோபம் வரும்போது அவர் தியானத்தில் ஆழ்வது வழக்கம் என்று பக்கத்திலிருந்தவர் ஜோக்கனிடம் மெதுவாகச் சொன்னார். கண்ணைத் திறந்ததும், இது கேள்வி ஞானத்தால் தீரும் வழக்கு அல்ல, சபை முழுவதும் நேரில் போய் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவானது.

மறுநாள் பச்சு தன் மாமனாரின் பெரிய படகைக் கொண்டுவந்தான். மெத்தைகள் முதலில் ஏறின, மாடியில் இருந்த அதே உயர வரிசையில். பிறகு குடை, சங்கு, சங்கு ஊதுகிறவர், எல்லையில் நடுவதற்கு ஒரு சூலம், பண்டிதர்கள். பைஜ்நாத்தும் ஜோக்கனும் கடைசியில் ஏறினார்கள்.

படகு கரையை விட்டதும் ஒரு சிக்கல் வந்தது. பண்டிதர்களில் ஒருவரும் கிழக்கு விளிம்பில் உட்கார மாட்டேன் என்றார்கள். நடு ஆற்றில் ஏதாவது ஆகிவிட்டால் ஒரு முழம் கிழக்கே இருந்ததால் கழுதையாகிப் போனேன் என்று யாருக்குப் பெயர் வர வேண்டும்? ஆத்மாவுக்குத் திசை இல்லை என்று சொன்னவர் மேற்கு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரை நக்கியது.

"பெரியவங்கள்ல பாதிப் பேரு இந்தப் பக்கம் வாங்க" என்று கெஞ்சினான் பச்சு. யாரும் அசையவில்லை. ஜோக்கன் மட்டும் எழுந்துபோய்க் கிழக்கு விளிம்பில் உட்கார்ந்தான். அவன் ஒருவனும் சூலமுமாக அத்தனை பேருக்கு எதிர்ப்பாரம்.

நடு ஆற்றுக்கு வந்ததும் ஜா எழுந்து நின்றார். இங்கிருந்து பார்த்தால் இரு கரையும் சமம், ஆனால் சமம் என்பதே பார்ப்பவனைப் பொறுத்தது என்று ஆரம்பித்தார். அப்போதுதான் மேல்காற்று எழுந்தது. எங்கள் ஊரில் கோடையில் அடிக்கும் காற்று, அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். அது குடையைப் பாயாக்கிக்கொண்டு படகைக் கிழக்கே தள்ள ஆரம்பித்தது.

"திருப்பு, திருப்பு" என்றார் துபே.

"குடைய மடக்குங்க சாமி, திருப்பறேன்."

குடையை மடக்கினால் தலைவர் மேல் வெயில் படும். சபையில் அதற்கு முன்னுதாரணம் இல்லை. அதை அவர்கள் பேசி முடிப்பதற்குள் படகு எதிர்க்கரைத் திட்டில் தட்டி நின்றது. தட்டிய வேகத்தில் உயரமான மெத்தை முதலில் சரிந்தது, மற்றவை வரிசைப்படி தொடர்ந்தன. முழங்கால் ஆழத் தண்ணீரில் காசியின் ஞானம் முழுவதும் எழுந்து நின்று இருமியது. பக்கத்தில் இருந்த கரை கழுதைக் கரைதான்.

மணலில் ஏறியதும் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் படுக்கத் தோன்றும், படுத்தால் என்ன ஆகுமோ. சூடு பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி வைத்து வெள்ளரித் தோட்டம்வரை ஓடினார்கள். அதற்கு மேல் துபேயின் கால்கள் வரவில்லை. அவர் மார்பைப் பிடித்துக்கொண்டார். சமேலி தன் கீற்றுக் குடிசையின் நிழலைக் காட்டி, ஆளுக்கொரு வெள்ளரியை நீட்டினாள். துபே வேண்டாம் என்று கையசைத்தார். விக்கிவிட்டால்?

"இங்க மூச்சு விடறதுக்கே ஏன் இப்படி பயப்படறீங்க?" என்று கேட்டாள் சமேலி.

ஜா விளக்கினார்.

"அப்ப நாங்க? இங்கயே பொறந்து இங்கயே சாகறோமே?"

"கழுதைதான்" என்றார் ஜா, சாஸ்திரத்தை மறைக்க முடியாமல்.

"அப்ப அதுக்கென்ன" என்றாள் அவள். "நாங்க செத்துக் கழுதையாவோம், கழுதை இங்கயே செத்துத் திரும்பக் கழுதையாவும். வெள்ளரிய யாரு போடுவா? நீங்களா வந்து போடப்போறீங்க?"

ஜா இதற்குப் பதில் யோசிக்க முகத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கம் வண்ணானின் கழுதை ஒன்று நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் யோசனையைக் கைவிட்டார்.

"என்னவோ நெஞ்சு படபடங்குது" என்றார் துபே. குரல் மெலிந்திருந்தது. "சபைய இங்கயே கூட்டுங்க. சீக்கிரம்."

சபை காசிக்கு வெளியே கூட முடியாது என்று ஜா நினைவூட்டினார். துபே அவரை மரணத்தின் வாசலில் நிற்பவரின் கண்களால் பார்த்தார்.

"காசிங்கறது என்ன, கல்லும் மண்ணுமா? சபை எங்க இருக்கோ அதான்யா காசி. நட்டு வை அந்தச் சூலத்த."

"எங்க நடறது?"

"இந்தத் தோட்டத்துக் கோடில. அதுவரைக்கும் இனி காசி. அனாதி காலமா இதான் எல்லை, இப்பத்தான் வெளிப்பட்டிருக்கு."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"அதுக்கு அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை?"

சூலம் இறங்கியது. துபேயின் மார்பு அந்த நொடியே சரியானது. அவர் நிழலில் உட்கார்ந்து, ஒரு வெள்ளரியை வாங்கி நிதானமாகத் தின்றார். எல்லை இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் ஆறு முழுவதும் காசிக்குள் அடங்கியது. ஆகவே நடு ஆற்றில் இறந்த சுர்சதிக்கு மோட்சம் என்பதை யாரும் தனியாக விவாதிக்கவில்லை. சங்கு ஊதுகிறவர் ஊதினார். முதலில் தண்ணீர் வந்தது, பிறகு சத்தம் வந்தது. பைஜ்நாத் மணலில் விழுந்து கும்பிட்டு அழுதான்.

ஜோக்கன் நின்றுகொண்டிருந்தான். அவள் கழுதையாகவில்லை. அவன் போய்ச் சாவதாக இருந்த கரையும் இப்போது காசியாகிவிட்டது.

திரும்பும்போது காற்று நின்றிருந்தது. எல்லாப் பக்கமும் காசியாகிவிட்டதால் பண்டிதர்கள் படகில் தாராளமாகப் பரவி உட்கார்ந்தார்கள். ஜோக்கன் துபேயிடம் ஒன்று மட்டும் கேட்டான். "அவ இருந்த தீஜ் நோன்பெல்லாம் என்ன ஆகும் மகராஜ்? அடுத்த ஜன்மத்துக்குன்னு இருந்தாளே."

நிறைந்த வயிற்றோடு இருந்த துபேக்குத் தாராளம் வந்திருந்தது. "ஒண்ணும் வீணாகாதுப்பா. அந்தப் புண்ணியம் உனக்குத்தான். அடுத்த பொறப்புல இவளவிடத் தங்கமான பொஞ்சாதி வருவா."

"திட்டுவாளா?"

"ஒரு வார்த்தை திட்ட மாட்டா."

ஜோக்கன் கரை வரும்வரை பச்சுவின் துடுப்பையே பார்த்துக்கொண்டு வந்தான்.

இறங்கும்போது பச்சு அவன் காதில், சூலம் தோட்டத்தின் கோடியில்தான் இருக்கிறது, அதைத் தாண்டினால் இன்னும் கழுதை பூமிதான், வேண்டிய நேரத்தில் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

"அவ இல்லாம நான் மட்டும் கழுதையாகி என்ன பண்ண?" என்றான் ஜோக்கன்.

ஆடியில் வெள்ளம் வந்தது. மணல் போனது, சமேலியின் குடிசை போனது, சூலமும் போனது. எல்லையைக் காணவில்லை என்று சபை மீண்டும் கூடியது. சூலம் எங்கே ஒதுங்கியதோ அதுவரை காசி என்பது ஜாவின் வாதம். பாட்னா பக்கம் எங்கோ அதைப் பார்த்ததாக ஒருவன் சொல்லி, பாட்னாக்காரர்கள் சிலர் முன்கூட்டியே சங்குக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. பைஜ்நாத்தின் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அத்தையைப் பற்றி எதுவும் கேட்கவே இல்லை.

வெள்ளம் வடிந்து தண்ணீர் இறங்க, மணல் அதே இடத்தில் எழுந்தது. சமேலி குடிசை போட்டாள், வெள்ளரி போட்டாள். அடுத்த வைகாசியில் ஜோக்கன் கடையைச் சாத்திவிட்டுப் பச்சுவின் படகில் போனான். மடி நிறைய வாங்கிக்கொண்டான். வரும்போது தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தான், காசியைப் பார்த்தபடி. எதிரே, காசிக்கு முதுகு காட்டும் பலகை காலியாக இருந்தது.

நடு ஆற்றில் பச்சு யாரும் சொல்லாமலே துடுப்பைத் தூக்கினான். ஜோக்கன் ஒரு பிஞ்சை எடுத்து ஒரு கடி கடித்தான். பிறகு சட்டைப் பையில் கைவிட்டுத் துழாவினான். கொட்டைப்பாக்கு இருந்தது. வால்வு டியூப் துண்டு இருந்தது. உப்பு இல்லை.